பெட்ரோல் மூடி டிரைவர் சைடா, கிளீனர் சைடா?

மாங்கனி_கிருஷ்ணகிரி | 3 மே 2024, காலை 9.10

கேள்வியா இல்லாம வாதமாவே வெக்கறேன். நம்ம நாட்டுல ஸ்டீயரிங் வலது பக்கம். டிரைவர் இறங்கறதும் வலது பக்கம். பம்ப்புல ஜீரோ பாக்கணும்னா வலது பக்க ஜன்னல் வழியா பாக்கறதுதான் சுலபம். அப்படி இருக்க ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20, சிட்டி, இன்னோவான்னு பாதிக்கு மேல வண்டிங்களுக்கு மூடி எதுக்கு இடது பக்கம்? போலோ, டஸ்டர் மாதிரி வலது பக்கம் இருக்கறதுதான் முறைங்கறேன். இதுக்குன்னு சட்டம் ஏதும் உண்டா?

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 3 மே, மதியம் 1.40

இந்தப் பக்கம்தான்னு சட்டம் கிடையாது. வண்டி மோதினா, கவிழ்ந்தா எண்ணெய் ஒழுகக் கூடாதுன்னு விதி இருக்குது. மூடி எந்தப் பக்கம்ங்கறது கம்பெனி முடிவு.

ஆனா முறைன்னு நீங்க சொல்றது தலைகீழ். பங்க்கை மட்டும் மனசுல வெச்சுப் பாக்கறீங்க. ரோட்டை வெச்சுப் பாருங்க. எண்ணெய் தீந்து ஓரத்துல நின்னு கேன்ல ஊத்த வேண்டி வந்தா, ஊத்தற ஆளு எங்க நிக்கணும்? நாம இடது பக்கம் ஓட்டற நாடு. இடது பக்கம் மண் ஓரம், வலது பக்கம் லாரி பறக்கற தார். என்.எச். 44ல காவேரிப்பட்டணம் தாண்டி ஓரமா நிறுத்திட்டு வலது பக்க மூடியில கேன் வெச்சு ஊத்திப் பாருங்க. முதுகை ஒரசிட்டு வண்டி போகும். புனல் வெச்சு 5 லிட்டர் இறங்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் ஆளு ரோட்டுப் பக்கம் குனிஞ்சு நிக்கணும்.

ஜப்பானும் இடது பக்கம் ஓட்டற நாடு. அங்க வந்த வடிவத்துல பெரும்பாலும் மூடி இடது. ஜெர்மனியில வலது பக்கம் ஓட்டறாங்க, அவங்களுக்கு ஓரம்னா வலது. அதனாலதான் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, பென்ஸ் எல்லாம் வலது பக்கம். எல்லா கம்பெனியும் இந்தக் கணக்கைப் பின்பத்தல. ஜப்பான்லயே சுபாருவுக்கு வலது பக்கம். ஆனா பெரும்போக்கு இதுதான். போலோவுக்கு நம்ம ஊர்ல டிரைவர் சைடு மூடி வந்தது டிரைவர் வசதியைப் பாத்து இல்ல, ஐரோப்பா வடிவம் அப்படியே இங்க வந்ததால.

மாங்கனி_கிருஷ்ணகிரி | 3 மே, மாலை 6.05

ஸ்டீயரிங்கை மாத்தி வெக்கறவங்க மூடியை மாத்தக் கூடாதா?

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 3 மே, இரவு 9.30

ஸ்டீயரிங் மாத்தறதுக்கு டேஷ்போர்டு, பெடல், ஸ்டீயரிங் ராடு மாத்தணும். அதுக்கு முதல்லயே இடம் விட்டு வடிவமைக்கறாங்க. மூடியை மாத்தினா பின் பக்கத் தகடு ரெண்டுக்கும் புது அச்சு வேணும். அதோட முடியாது. பின் சீட்டுக்கு அடியில இருக்கற டேங்க், அதுல இருந்து மேல வர்ற கழுத்துக் குழாய், காத்து வெளியேற ஓடற சின்ன ஹோஸ், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கற கரி டப்பா எல்லாம் இடம் மாறணும். சைலன்சர் பைப் பெரும்பாலும் கழுத்துக் குழாய்க்கு எதிர்ப் பக்கமா ஓடும், சூடு தள்ளி இருக்கணும்னு. அதையும் திருப்பிப் போடணும். இவ்வளவும் செஞ்சு முடிச்சா மறுபடி மோதல் சோதனை. ஒரு மூடிக்காக யாரும் அதைச் செய்ய மாட்டாங்க.

தர்மபுரி_பங்க்_சூப்பர்வைசர் | 4 மே, காலை 7.15

பங்க்கில் நிற்பவன் பார்வையில் சில விஷயம். எங்கள் மாதிரி ஹைவே பங்க்கில் எல்லா வண்டியும் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரே திசையில் உள்ளே வருகிறது. பம்ப் நிற்கும் திட்டுக்கு இரண்டு முகம். இடது மூடி வண்டி திட்டின் வலப்புறம் நிற்க வேண்டும், வலது மூடி வண்டி இடப்புறம். கார்களில் இடது மூடிதான் அதிகம் என்பதால் திட்டின் வலப்புறம் வரிசை நீளும், இடப்புறம் காலியாகக் கிடக்கும். எல்லாக் கம்பெனியும் ஒரே பக்கம் வைத்தால் பங்க்கில் பாதி முகம் வீண். ஆகவே இரண்டு வகையும் கலந்து ஓடுவதுதான் பங்க்குக்கு நல்லது.

காலி முகத்தில் விட்டால் ஹோஸ் எட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண காருக்கு எட்டும், நிறுத்தும் விதம் தெரிந்தால். பம்ப்புக்கு நேராக மூடி வரும்படி நிறுத்தாதீர்கள். பின் பம்பர் பம்ப்புக்கு நேராக வரும்வரை முன்னால் போங்கள். திட்டுக்கும் வண்டிக்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி. அப்போது ஹோஸ் டிக்கிக்குப் பின்னால் சுற்றி மூடிக்கு வரும். கூரை மேல் போட்டு இழுக்க விடாதீர்கள். ஹோஸில் ஒட்டிய மண் பெயின்ட்டில் கோடு போடும், நாசில் வாயில் நின்ற சொட்டு கண்ணாடியில் விழும்.

இழுத்துப் போட்ட ஹோஸால் வரும் தொல்லை இன்னொன்று. நாசில் முனைக்கு அருகே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எண்ணெய் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிறைந்து எண்ணெய் ஓட்டையை மூடினால் காற்று நிற்கும், உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டு நெம்பு விடுபடும். 'டக்' சத்தம் அதுதான். ஹோஸ் இழுவையில் நாசில் திரும்பி நின்றால், எண்ணெய் குழாய்ச் சுவரில் அடித்துத் தெறித்து ஓட்டையை முன்கூட்டியே மூடும். அரை டேங்க் கூட ஆகாமல் டக், டக் என்று நின்றுகொண்டே இருக்கும். பம்ப் ரிப்பேர் என்று சண்டைக்கு வருவார்கள். ஹோஸின் எடையை ஒரு கையில் தாங்கி, நாசில் வளைவு கீழ் நோக்கி இருக்கும்படி திருப்பினால் சரியாகிவிடும்.

ஊத்தங்கரை_டிரைவர் | 4 மே, காலை 11.20

சூப்பர்வைசர் சார் சொன்னது பெட்ரோலுக்குச் சரி. டீசல் காருக்கு இன்னொரு சிக்கல் உண்டுங்க. கிருஷ்ணகிரியில சென்னை ரோடு, சேலம் ரோடு, திருவண்ணாமலை ரோடு மூணும் வந்து சேருது, லாரி அதிகம். லாரிக்குன்னு வேகமா அடிக்கற டீசல் பம்ப் தனித் திட்டுல வெச்சிருப்பாங்க. மாங்கா சீசன்ல கார் டீசல் வரிசை நிறைஞ்சு கிடக்கு, இது காலியா இருக்கேன்னு அங்க போய் நிக்காதீங்க. அந்த நாசில் பெருசு, கார் கழுத்துல சரியா உக்காராது. உக்காந்தாலும் டீசல் நுரைச்சுப் பொங்கி உடனே கட் ஆகும்.

தர்மபுரி_பங்க்_சூப்பர்வைசர் | 4 மே, மதியம் 12.05

ஆமாம். சாதாரண நாசில் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர். லாரி நாசில் அதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. கார் டேங்க்கின் மெல்லிய காற்றுக் குழாய்க்கு அவ்வளவு வேகமாகக் காற்றை வெளியே விட முடியாது.

நாசில் பருமன் பேச்சு வந்ததால்: பெட்ரோல் நாசில் சுமார் 21 மி.மீ., டீசல் நாசில் சுமார் 24 மி.மீ. பெட்ரோல் காரின் கழுத்து குறுகலாக இருப்பதால் டீசல் நாசில் பொதுவாக நுழையாது. எதிர்மாறாக, டீசல் காரில் பெட்ரோல் நாசில் தாராளமாக நுழையும். பங்க்கில் நடக்கும் மாற்று நிரப்பல் பெரும்பாலும் இந்த வகைதான். அப்படி ஆகிவிட்டால் சாவி போடக்கூடாது. சாவி போட்டாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை ஹை பிரஷர் பம்ப்புக்குத் தள்ளிவிடும். டீசலின் வழுவழுப்பில் ஓடும் பாகம் அது, பெட்ரோல் போனால் தேயும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி டேங்க்கில் இருப்பதை முழுக்க வெளியே எடுக்க வேண்டும்.

மாங்கனி_கிருஷ்ணகிரி | 4 மே, மாலை 5.50

ஓரத்துல கேன்ல ஊத்தறது எப்பவோ ஒரு தடவை. பங்க்குக்குப் போறது வாராவாரம். வாராவாரம் நடக்கறதுக்குத்தானே வடிவம் வேணும்? டிரைவர் சீட்டுல இருந்தே ஜீரோ பாக்க முடியறது பெரிய விஷயமில்லயா?

தர்மபுரி_பங்க்_சூப்பர்வைசர் | 4 மே, இரவு 8.25

சீட்டில் உட்கார்ந்து ஜீரோ பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மூடி எந்தப் பக்கம் இருந்தாலும். வலது மூடிக்கு நிறுத்தினால் பம்ப் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும். கழுத்தைத் திருப்பி, சாய்ந்த கோணத்தில், வெயில் பட்ட திரையைப் படிக்க வேண்டும். இறங்கி வந்து பம்ப்புக்கு முன்னால் நில்லுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: ஜீரோ, லிட்டர் விலை, எடுத்த நாசில் உங்கள் எண்ணெய்தானா. பிறகு பில்.

அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் குவளை கேளுங்கள், பங்க்கில் வைத்திருப்பது கட்டாயம். குவளையில் எடையளவுத் துறை முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்த குவளையில் நேராக அளக்கக் கூடாது. முதலில் ஒரு தடவை நிரப்பி, கவிழ்த்து, அரை நிமிடம் சொட்ட விட்டு, பிறகு சமதரையில் வைத்து 5 லிட்டர் பிடித்து கழுத்துக் கோட்டைக் கண் மட்டத்தில் படிக்க வேண்டும். 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. காய்ந்த குவளையில் பிடித்தால் சுவரில் ஒட்டும் எண்ணெயே குறைவாகக் காட்டும். சண்டைகளில் பாதி அதனால் வருகிறது.

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 5 மே, காலை 6.50

மாங்கனி தம்பிக்கு ஆதரவா ஒரு பாயின்ட் நானே தர்றேன், ஒர்க்‌ஷாப் பார்வையில. மூடி திறக்கற நெம்பு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல, தரையில இருக்கும். மூடியும் வலது பக்கம்னா கேபிள் கதவு ஓரமா நேரா பின்னால ஓடிடும். மூடி இடது பக்கம்னா கேபிள் வலது ஓரமா போயி, பின் சீட்டுக்கு அடியில குறுக்க திரும்பி, இடது பக்க டிக்கி ஓரத்துல ஏறணும். நீளமும் அதிகம், வளைவும் அதிகம். வளைவுதான் கேபிளுக்கு எமன். நெம்பு தூக்கினா மூடி திறக்கலன்னு வர்றது பெரும்பாலும் இடது மூடி வண்டிங்கதான்.

அப்படி வந்தா முதல்ல ரெண்டு பேரா சோதிக்கணும். ஒருத்தர் நெம்பைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் மூடியோட திறக்கற ஓரத்தை உள்ளங்கையால லேசா அழுத்தி விடணும். திறந்துக்கிச்சுன்னா கேபிள் நல்லா இருக்குது, மூடியைத் தள்ளி விடற பட்டை ஸ்பிரிங் தளந்து போச்சுன்னு அர்த்தம். ஸ்பிரிங்கைக் கொறடால கொஞ்சம் வளைச்சு விட்டாப் போதும், காசு செலவில்ல. திறக்கலன்னா டிக்கியில அந்தப் பக்கத்து அட்டையைக் கழட்டுங்க. உள்ள கை விட்டா கேபிள் முனையில விரல் அளவு ஊசி தட்டுப்படும். அதைப் பின்னால இழுத்தா மூடி திறக்கும். ஊசி கையில சுலபமா வருது, நெம்புல மட்டும் வரலன்னா, கேபிளோட வெளி உறை கிளிப்புல இருந்து நழுவியிருக்கும். திரும்ப மாட்டினா சரி. உள் கம்பி பிரிஞ்சு போயிருந்தாத்தான் புது கேபிள். பழசோட வால்ல கெட்டியான நூல் கட்டி இழுத்து, அதே நூல்ல புதுசைக் கட்டித் திரும்ப இழுங்க. சீட்டு, கார்பெட் எல்லாத்தையும் கழட்ட வேண்டாம்.

ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க. மூடிக் கீல் பிளாஸ்டிக், உடைஞ்சா மூடி கோணலாகும். கீலுக்கு என்ஜின் ஆயிலும் போடாதீங்க. பர்கூர், ஜெகதேவி பக்கம் ஓடற வண்டின்னா கிரானைட் தூசு எண்ணெயில ஒட்டி ஒரு மாசத்துல பசை மாதிரி ஆயிடும். சிலிகான் ஸ்பிரே கொஞ்சம் அடிச்சாப் போதும்.

ஊத்தங்கரை_டிரைவர் | 5 மே, காலை 10.15

கேன்ல ஊத்தற கதைக்கும் மறுபக்கம் இருக்குங்க. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்கற ரோடு, அஞ்செட்டி காட்டு ரோடு, இங்கெல்லாம் ஓரம்னா மண் திட்டோ, தடுப்புச் சுவரோ. வண்டியை ஒட்டி நிறுத்திட்டா இடது மூடியில கை நுழைய இடமில்ல. எண்ணெய் தீர்ற மாதிரி இஞ்சின் திக்குச்சுன்னா உருளற வேகம் இருக்கும்போதே அகலமான இடம் பாத்து, இடது பக்கம் ரெண்டடி விட்டு நிறுத்தணும். இன்னொண்ணு, ரோடு சாய்வு. மூடி தாழ்ந்த பக்கம் இருந்தா கேன் சாய்க்க வசதி, ஆனா ஃபுல் டேங்க் அடிச்ச வண்டியை அப்படி நிறுத்தக் கூடாது.

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 5 மே, மதியம் 2.20

இது முக்கியமான விஷயம், விரிவாச் சொல்லணும். பெட்ரோல் 10 டிகிரி சூடேறினா 100 லிட்டர் சுமார் 101 லிட்டர் ஆகும். 45 லிட்டர் டேங்க்குல கிட்டத்தட்ட அரை லிட்டர் பெருகும். தரைக்கு அடியில இருக்கற பங்க் டேங்க்குல எண்ணெய் குளுமையா இருக்கும். அதை மே மாச மதியத்துல கழுத்து வரைக்கும் நிரப்பி வெயில்ல நிறுத்தினா பெருகறதுக்கு இடம் வேணும். அந்த இடத்தைக் கம்பெனி டேங்க் மேல் பகுதியிலயே விட்டிருக்கும், முதல் 'டக்'கோட நிறுத்தினா அது அப்படியே இருக்கும். டக் ஆன பிறகு ரவுண்டு பண்றேன்னு விட்டு விட்டு அடிச்சா அந்த இடமும் போச்சு. நிறைஞ்ச எண்ணெய் ஆவிக் குழாய் வழியா கரி டப்பாவுக்குள்ள போகும். கரி ஈரமாச்சுன்னா ஆவியைப் பிடிக்காது. வண்டி சூட்டுல ஸ்டார்ட் ஆகத் திணறும், பெட்ரோல் வாசம் அடிக்கும், செக் என்ஜின் லைட் வரும். டப்பா மாத்தற செலவு, ரவுண்டுக்காக அடிச்ச பெட்ரோலைப் போல பல மடங்கு.

மூடி தாழ்ந்த பக்கம் இருக்கற மாதிரி சரிவுல நிறுத்தினா கழுத்துல நிக்கற எண்ணெய் மூடி ரப்பர் மேல அழுத்தும். ரப்பர் வெடிச்சிருந்தா ஒழுகி பெயின்ட்டுல மஞ்சள் கோடு விழும். மூடியைத் திருப்பி ரப்பரை நகத்தால வளைச்சுப் பாருங்க. கீறல் தெரிஞ்சா மூடியை மாத்திடுங்க.

மாங்கனி_கிருஷ்ணகிரி | 5 மே, இரவு 7.40

டேஷ்போர்டுல இருக்கற பம்ப் படத்துல ஹோஸ் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் மூடின்னு வாட்ஸ்அப்ல சுத்துது. சரிதானா?

தர்மபுரி_பங்க்_சூப்பர்வைசர் | 5 மே, இரவு 8.10

தவறு. அந்தப் படம் பொதுப் படம், ஹோஸ் பக்கம் எதையும் சொல்லாது. பக்கத்தில் சின்ன முக்கோண அம்பு இருந்தால் அதுதான் மூடிப் பக்கம். அந்த அம்பு அமெரிக்காவில் ஃபோர்டில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் என்பவரின் யோசனை. 1986ல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார், 1989 மாடல் வண்டிகளில் வந்தது. பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள், கால் டிரைவர்கள் பங்க்குக்குள் திரும்பும் முன் அதைப் பார்த்து வரிசை பிடித்தால் எங்களுக்கும் நிம்மதி. உள்ளே வந்த பிறகு ரிவர்ஸ் எடுப்பதுதான் பங்க்கில் ஆபத்தான வேலை. பின்னால் பைக் நிற்பது தெரியாது.

ஊத்தங்கரை_டிரைவர் | 6 மே, காலை 8.30

பைக்னதும் ஞாபகம் வந்தது. ஓசூர் டி.வி.எஸ். காரங்க 2021ல ஜூபிடர் 125ஐ விட்டப்ப மூடியை முன்பக்கமே வெச்சுட்டாங்க, டேங்க் கால் வெக்கற தளத்துக்கு அடியில. சீட்டைத் தூக்க வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஆள் எங்க இருக்கானோ அங்க மூடி. கார்க்காரங்களுக்கு அது நடக்காது, முன்னாடி இஞ்சின் இருக்குது.

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 8 மே, காலை 7.05

நேத்து மழை பேஞ்சதால இதையும் சேத்துக்கறேன். இடது மூடிக்கு இருக்கற இன்னொரு குறை சேறு. ஒதுங்கறப்ப எல்லாம் இடது சக்கரம்தான் மண்ணுல இறங்குது. மூடிக் குழிக்கு அடியில தண்ணி வடிய சுண்டு விரலை விட மெலிசா ஒரு ரப்பர் குழாய் சக்கரக் கூட்டுக்குள்ள இறங்கும். அது கீழிருந்து சேறாலயும் மேலிருந்து தூசாலயும் அடைச்சுக்கும். அடைச்சா மழைத் தண்ணி குழியில தேங்கி நிக்கும். பங்க்குல மூடியைத் திருகினதும் அந்தத் தண்ணி நேரா டேங்க்குக்குள்ள போகும். இப்ப எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் தண்ணின்னா எத்தனால் தன்னோட கலந்துக்கும், அளவு மீறினா ரெண்டும் சேந்து அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். பம்ப் உறிஞ்சறது அடியில இருந்துதான், வண்டி நடு ரோட்டுல நிக்கும்.

மழைக்கு முன்னாடி சோதிச்சிருங்க. உள் மூடியை இறுக்க மூடிட்டு, வெளி மூடியைத் திறந்து, குழியில அரை டம்ளர் தண்ணி ஊத்துங்க. சில நொடியில சக்கரத்துக்குப் பக்கத்துல கீழ சொட்டணும். சொட்டலன்னா புல் வெட்டற மெஷின்ல வர்ற நைலான் கம்பியை ஒரு முழம் வெட்டி மேலிருந்து மெதுவா விட்டு உருட்டுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழிச்சிரும். கிழிஞ்சா தண்ணி தகட்டுக்குள்ள இறங்கி உள்ளிருந்தே துரு பிடிக்கும், வெளிய தெரியறப்ப டிங்கரிங் வேலைதான்.

இத்தனை குறை சொன்னாலும் என் ஓட்டு இடது பக்கத்துக்குத்தான். கேபிள் கெட்டா மாத்தலாம், குழாய் அடைச்சா எடுக்கலாம். ஹைவே ஓரத்துல ரோட்டுப் பக்கம் குனிஞ்சு நிக்கற ஆளைக் காப்பாத்த வேற வழி கிடையாது.

மாங்கனி_கிருஷ்ணகிரி | 8 மே, மாலை 6.30

சரிங்கண்ணே, அந்த ஒரு காரணத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. சி.என்.ஜி., கரண்ட் வண்டிக்கும் இதே கணக்குதானா?

தர்மபுரி_பங்க்_சூப்பர்வைசர் | 9 மே, காலை 7.20

அவற்றுக்கு ஓரக் கணக்கு பொருந்தாது, கேனில் ஊற்ற முடியாதே. அங்கே முன்னா பின்னா என்பதுதான் கேள்வி. வெளியில் கிட் மாட்டிய காரில் சி.என்.ஜி. வாய் பெரும்பாலும் பானெட்டுக்குள் இருக்கும். மூக்கு பம்ப்புக்கு நேராக நிற்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும், அப்போது வால் நேராக வர வேண்டும். 200 பார் அழுத்தம் என்பதால் ஹோஸை இழுத்துச் சுற்றும் பேச்சே கிடையாது, நேராக நிறுத்தினால்தான் மாட்டுவோம். ஆட்கள் எல்லோரும் இறங்கியாக வேண்டும்.

கரண்ட் காரில் வேகமாக ஏற்றும் கேபிள் தடிமன், கனமும் அதிகம், நீளம் குறைவு. எம்.ஜி. இசட்.எஸ். மாதிரி முன் கிரில்லில் வாய் இருந்தால் நேராக விட்டால் போதும். பின் ஓரத்தில் இருந்தால் ரிவர்ஸில்தான் விட வேண்டும்.

ஊத்தங்கரை_டிரைவர் | 9 மே, காலை 9.45

சி.என்.ஜி. வண்டி கேஸ் பிடிச்சதும் ஸ்டார்ட் ஆகலன்னு நிறைய பேர் பேட்டரியைக் குத்தம் சொல்றாங்க. காரணம் வேறயாங்க?

பாலக்கோடு_ஒர்க்‌ஷாப் | 9 மே, மதியம் 1.15

மாருதி எஸ்-சி.என்.ஜி. (கம்பெனியிலயே கேஸ் கிட் மாட்டி வர்ற) வண்டிங்கள்ல கேஸ் வாய் மூடிக்கிட்ட ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்குது. மூடி திறந்திருந்தா இஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னு வெச்சது. மூடி சரியா அமுங்கலன்னாலும், ஸ்விட்ச்சுல தூசு ஏறினாலும் வண்டி சுத்தாது. ஹாரனும் லைட்டும் நல்லா இருக்குது, ஆனா சுத்தவே இல்லன்னா முதல்ல மூடியைத் திறந்து அழுத்தி மூடிப் பாருங்க. அடுத்து ஸ்விட்ச் முனையைக் காஞ்ச பிரஷ்ஷால துடைச்சு, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. அந்த ஸ்விட்ச்சை ஒயர் போட்டு நேரடியா இணைச்சுத் தர்றேன்னு சிலர் சொல்வாங்க, சம்மதிக்காதீங்க. ஹோஸ் மாட்டியிருக்கறப்ப வண்டி நகராம தடுக்கறது அது ஒண்ணுதான்.